கல்லாப் பக்கம் வந்த பெட்டி

டத்தோ கெராமாட் சாலையில் ரெஸ்டோரான் நூர் பஷீரில் சாப்பிட்டவர் எவரும் ஒரு கிண்டல் வாங்காமல் வெளியே போனதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பஷீர் மீதிச் சில்லறையோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். மீன்தலைக் கறி சாப்பிட்டவரிடம், "தலைய முழுசா முடிச்சிட்டீங்க, இனிமேலாச்சும் மூளை வேலை செய்யுதான்னு பாப்போம்" என்பார். ஆம்லெட்டுக்கு அதிகப்படியாக வெங்காயம் கேட்டவரிடம், "வீட்ல சண்டையா, இங்க வந்து அழறீங்க?" என்பார். யாருடைய பெயரையும் அவர் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. குடிப்பதை வைத்துத்தான் அடையாளம். வாடிக்கையாளர்களில் கார்த்திகேசு மட்டும் விலக்கு. பெயர் தெரியாமல் இருக்க முடியாத அளவுக்கு அவர் அந்தக் கடையிலேயே குடியிருந்தார்.

அப்படிப்பட்ட கடைக்கு ஒரு நாள் மதியக் கூட்டம் கலைந்த பிறகு இரண்டு மாணவர்கள் வந்தார்கள். பேசியது துளசி என்ற பெண். கூடவே ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷாருல் என்ற பையன். டிசைன் படிக்கிறார்களாம்.

"அங்கிள், ஒங்க லேடீஸ் டாய்லெட்ல எங்களுக்கு ஒரு சின்ன எடம் வேணும்."

"டாய்லெட்ல ஏன்மா? மேசையெல்லாம் காலியாத்தானே கெடக்கு, இங்கயே ஒக்காருங்க லா."

துளசி சிரிக்கவில்லை. மாதவிடாய் வறுமை என்று ஆரம்பித்தாள். காசு இல்லாததால் அந்த நாட்களில் பள்ளிக்கு மட்டம் போடும் பெண்கள், காலையில் வைத்த ஒரே பேடை மாலைவரை மாற்றாமல் இருக்கும் பெண்கள், கேட்கக் கூச்சப்பட்டுப் பழந்துணியையும் தாளையும் மடித்து வைத்துக்கொள்ளும் பெண்கள் என்று அடுக்கினாள். நிபோங் திபால் மாதிரி தூரத்து ஊர்களில் மட்டுமல்ல, இங்கேயே, இந்தக் கடையின் மாடியில் இருக்கும் டியூஷன் வகுப்பிலேயே இருக்கிறார்கள் என்றாள். பஷீர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாமானின் பெயரைத் தமிழில் சொல்ல அவருக்கு நாக்கு வளைந்ததில்லை. மலாயில் துவாலா வனித்தா என்று சொல்லிவிடுவார். மலாயில் சொன்னால் அது அரசாங்க அறிவிப்பு மாதிரி, யாருக்கும் வெட்கமில்லை.

ஷாருல் பெட்டியைத் திறந்து காட்டினான். வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ள உள்ளே பேடுகள் அடுக்கியிருந்தன. "மூடிப் பாருங்க அங்கிள்."

பஷீர் மூடியைத் தட்டிவிட்டார். அது பொத்தென்று விழவில்லை. பூனை மதிலிலிருந்து இறங்குவதுபோல மெல்ல இறங்கிப் படுத்தது.

"சத்தமே வரலையே தம்பி?"

"அதுக்குத்தான் அங்கிள் மூணு மாசம் ஆச்சு. ஒருத்தவங்க எடுக்கறது பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கக் கூடாது."

"அப்ப நம்ம ஃபிக்ரி வாய்க்கும் இப்டி ஒண்ணு செஞ்சு குடு," என்றார் பஷீர். கடையில் தேநீர் கலக்கும் ஃபிக்ரி ஓர் ஆர்டரைத் திருப்பிச் சொன்னால் அது சாலையின் எதிர்ச்சாரிவரை கேட்கும்.

ஆனாலும் பஷீர் சம்மதித்ததற்குக் காரணம் மூடியோ மாதவிடாயோ அல்ல. பெட்டியின் முகப்பில் தங்க எழுத்தில் ஒட்டப்போகும் வரி. 'ஆதரவு: ரெஸ்டோரான் நூர் பஷீர்.'

பெட்டி பெண்கள் கழிவறைக்குள் போனது. வாராவாரம் துளசி வந்து நிரப்பினாள், வாராவாரம் அது காலியானது. டியூஷன் விட்டதும் பெண்கள் ஒவ்வொருவராகக் கல்லாவைத் தாண்டி உள்ளே போவார்கள், வருவார்கள், குளிர்பானம் வாங்கிப் போவார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பஷீருக்கு மட்டும் ஒரு குறை. தங்க எழுத்து கழிவறையில் வீணாகிக்கொண்டிருந்தது. கடைக்கு வரும் கூட்டத்தில் அதைப் பார்க்கும் பாதிப்பேர் பாராட்டும் மனநிலையில் இருக்க மாட்டார்கள், மீதிப் பாதியான ஆண்களுக்கு உள்ளே அனுமதியே இல்லை.

அவர் கல்லாவில் ஏற்கெனவே மூன்று உண்டியல்கள் இருந்தன. ஒன்று பள்ளிவாசலுக்கு, ஒன்று அநாதை இல்லத்துக்கு, ஒன்று மதரசாவுக்கு. நாலு பேர் பார்க்க வைத்தால்தான் உண்டியல் நிறையும் என்பது பஷீர் அனுபவத்தில் கண்டது. ஆகவே, துளசியும் ஷாருலும் பரீட்சை என்று ஒரு மாதம் வராத சமயம் பார்த்து, பெட்டியைக் கழிவறையிலிருந்து எடுத்துத் துடைத்து, நாலாவது உண்டியலாகக் கல்லாவில் வைத்தார். பல்குச்சிக்கும் புதினா மிட்டாய்க்கும் நடுவில், நேரே குழல்விளக்கின் கீழே. போடுகிற பெட்டியும் எடுக்கிற பெட்டியும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது.

அதன் பிறகு பெட்டி குறையவே இல்லை. நிறைந்திருக்கும் பெட்டி பார்க்க லட்சணமாகவே இருந்தது. வந்தவர்கள் தங்க எழுத்தைப் படித்துவிட்டு, "நல்ல காரியம் பாய்" என்றார்கள். பெண்கள் மட்டும் கல்லாவைத் தாண்டும்போது கைப்பேசியைப் பார்த்தார்கள்.

ஒரு மாலை பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்து நின்றாள். தே ஓ ஐஸ் லிமாவ், கூராங் மானிஸ். எலுமிச்சை ஐஸ் தேநீரைச் சீனி குறைத்துக் கேட்கும் ஒரே பள்ளிப் பிள்ளை என்பதால் பஷீருக்கு அவளை நன்றாகத் தெரியும். பணம் கொடுத்த பிறகும் அவள் போகவில்லை. புதினா மிட்டாய் ஒன்றை எடுத்தாள், வைத்தாள். பல்குச்சி டப்பாவைப் பார்த்தாள். கார்த்திகேசுவும் கூட்டாளிகளும் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஷீர் குனிந்து சில்லறையைக் கொட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவள் கை பெட்டிக்குள் இருந்தது. கொத்தாக எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

பஷீருக்குக் கோபம் வரவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவருக்கு வந்தது வழக்கமான நல்ல மனநிலை.

"என்ன தங்கச்சி, மொத்த வியாபாரமா? வீட்டுக்கே கடை தொறக்கப் போறியா?"

பந்து அந்த நேரம் பார்த்து மைதானத்துக்கு வெளியே போயிருந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. கார்த்திகேசு வயிறு குலுங்கச் சிரித்து, "லைசென்ஸ் எடுத்துட்டுத் தொறக்கச் சொல்லு பாய்!" என்றார். ஃபிக்ரிகூடச் சிரித்தான்.

அந்தப் பெண் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் திரும்ப வைத்தாள். கசங்கிய ஒன்றை நீவி வைத்தாள். "சாரி அங்கிள்," என்றாள். மூடி சத்தமில்லாமல் இறங்கியது. பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ ஐஸ் கல்லாவிலேயே வியர்த்துக்கொண்டு கிடந்தது.

பஷீர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அன்றைக்கு. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த டியூஷன் நாளில் அவளைப் பார்த்தார். மாடிப்படி இறங்கியவள் கடை வாசலுக்கு வராமல், கொளுத்தும் வெயிலில் சாலையைக் கடந்து, எதிர்ச்சாரி ஓரமாகவே நடந்தாள். அங்கே ஒரு தள்ளுவண்டியில் ஏதோ வாங்கிக் குடித்தாள். பஷீர் கல்லாவிலிருந்து எழுந்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு இரண்டு பெண்களும் அவளோடு எதிர்ச்சாரிக்குப் போயிருந்தார்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே வைத்தார். அதன் பிறகும் ஒரு சாமான்கூடக் குறையவில்லை.

பரீட்சை முடிந்து வந்த துளசி, நிறைந்த பெட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "என்ன அங்கிள், யாருமே எடுக்கலையா? ஏதாச்சும் நடந்துச்சா?"

"ஒண்ணும் நடக்கலியேம்மா," என்றார் பஷீர். அவர் பார்வை மின்விசிறிக்குப் போயிருந்தது.

"கலர்தான் தப்பு, நான் அப்பவே சொன்னேன்," என்றான் ஷாருல்.

"கலர் இல்ல லா. இங்க தேவை இல்ல, அவ்ளோதான்." துளசி பெட்டியை மூடினாள். "அடுத்த மாசம் எடுத்துடறோம் அங்கிள். பட்டர்வொர்த்ல ஒரு கடை கேட்டிருக்கோம். சனிக்கிழமை எங்க ஃபைனல் பிரசன்டேஷன், கண்டிப்பா வாங்க."

தேவை இல்லை என்ற சொல் பஷீரோடு வீட்டுக்கு வந்தது. மாடியில் தேவை இருந்தது அவருக்குத் தெரியும். அது எதிர்ச்சாரியில் நடந்து போனதையும் பார்த்தார். வாயைத் திறக்காவிட்டால் பெட்டி போய்விடும், அந்தப் பெண்கள் மறுபடியும் தாளை மடித்து வைத்துக்கொள்வார்கள், இந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கு அவருடைய வாய் மார்க் போட்டுவிடும். கல்லாவில் கிண்டல் நின்றது. "சுகர் ஏறிடுச்சா பாய்?" என்று கார்த்திகேசு நிஜமாகவே கவலைப்பட்டார்.

மனைவி மஹ்பூபாவும் கவனித்தாள். கறி மசாலா வறுத்துக்கொண்டே கேட்டாள். பஷீர் நடந்ததைச் சொன்னார், ஒரு பாதியை. "சும்மா தமாஷுக்கு ஒரு வார்த்த சொன்னேன். அதுக்குப் போய்..."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல, ஒரு தமாஷு."

"எனக்கும் சொல்லுங்க. நானும் சிரிக்கிறேன்."

பஷீர் வாயைத் திறந்தார். முப்பது வருடமாக ஊருக்கே கிண்டல் விற்றவர், சொந்த மனைவியிடம் அந்த ஒன்றைச் சொல்ல முடியாமல் நின்றார். மஹ்பூபா அகப்பையைக் கீழே வைக்கவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. "நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அடுப்பைக் குறைத்தாள்.

சனிக்கிழமை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு மாணவர்களின் கல்லூரிக்குப் போனார். குளிரூட்டிய அரங்கில் அவர் கடையின் படம் திரையில் பெரிதாக வந்தது. கீழே 'தேவை குறைந்த இடம்' என்றிருந்தது. கேள்வி நேரத்தில் பஷீர் எழுந்தார். யாரோ கையில் மைக்கைத் திணித்தார்கள்.

"தேவை இல்லாம இல்ல. நான்தான் பெட்டிய வெளிய கொண்டாந்து கல்லாவுல வெச்சேன். பேரு தெரியணும்னு. ஒரு பொண்ணு எடுத்திச்சு. நான் ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்னீங்க சார்?" என்றார் விரிவுரையாளர் தயாளன்.

இந்த முறை தப்ப வழியில்லை. பஷீர் சொன்னார். பழக்க தோஷம், எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே குரல் தானாக இழுத்தது. கடைசி வரிசையில் இரண்டு பேர் குபீரென்று சிரித்தார்கள். பஷீருக்குத் தரையில் ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடத் தோன்றியது.

"எக்சலண்ட்!" தயாளன் எழுந்தே விட்டார். "பாத்தீங்களா, இதுதான் இன்சைட்! புத்தகத்துல கெடைக்குமா இது?" கைதட்டல் எழுந்தது. நடுவர்கள் குறித்துக்கொண்டார்கள். பஷீர் திட்டு வாங்க வந்திருந்தார். கிடைத்ததோ இரண்டாம் பரிசு, அணிக்கு. அவருக்குத் தனியாகக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ், 'சமூகப் பங்காளர்' என்று. கூட ஒரு காபிக் கோப்பை. அதை வாங்கும்போது படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார்.

கைதட்டாமல் இருந்தவள் துளசி ஒருத்திதான். வெளியே வரும்போது வழிமறித்தாள்.

"நடந்துச்சான்னு கேட்டப்ப ஒண்ணும் நடக்கலன்னீங்க."

"ஆமாம்மா."

"அந்தப் பொண்ணு யாரு?"

"பேரு கேக்கல. தே ஓ ஐஸ் லிமாவ், கூராங் மானிஸ்." சொல்லிவிட்டு பஷீருக்கே கேவலமாக இருந்தது. "நேர்ல போயி மாப்பு கேக்கவா?"

"வேணாம் அங்கிள்! மறுபடியும் நாலு பேர் முன்னால அவளக் கூப்பிட்டு நிறுத்தற மாதிரி ஆயிடும். பெட்டி அங்கயே இருக்கட்டும்." சற்று நின்று சொன்னாள்: "ஆனா நீங்க பாக்கறீங்களே, உள்ள போற ஒவ்வொருத்தரயும். அத எப்டி டிசைன் பண்றதுன்னு எனக்குத் தெரியல."

மறுநாள் காலை பஷீர் கல்லா நாற்காலியைத் திருப்பிப் போட்டார். இப்போது முகம் சுவரைப் பார்த்தது, முதுகு கழிவறை வழியைப் பார்த்தது. பக்கத்துக் கடைச் சீனர், ஃபெங் சுயி பிரகாரம் இது ரொம்ப நல்லது என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

"என்ன பாய் இது? எவனாச்சும் காசு குடுக்காம ஓடிடப் போறான்," என்றார் கார்த்திகேசு.

"ஓடட்டும்."

ஓடவும் செய்தார்கள். பஷீர் திரும்பவில்லை. தங்க எழுத்தைச் சுரண்டியாகிவிட்டது. சான்றிதழை மட்டும் எறிய மனம் வராமல், எதிரே சுவரில் மாட்டியிருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் கண்ணாடியில் கழிவறை வழி முழுக்கத் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பெண்ணின் வெள்ளைச் சீருடை அதில் அசைந்ததைத் தன்னை அறியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சட்டத்தைக் கழற்றி, அரிசி மூட்டைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தார்.

சில வாரங்கள் போயின. டியூஷன் விட்ட ஒரு மாலை, முதுகுக்குப் பின்னால் ஃபிக்ரி எதிர்ச்சாரிவரை கேட்கக் கத்தினான்: "தே ஓ ஐஸ் லிமாவ், கூராங் மானிஸ், கட்டிக் குடு!"

பஷீர் எண்ணிய சில்லறையையே மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஊரில் அதைக் குடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். சீனி வியாதிக்காரர்கள் எல்லாருமே குடிக்கலாம். பள்ளிக் காலணிச் சத்தம் ஒன்று கல்லாவைத் தாண்டி உள்ளே போனது. அவர் சுவரில் ஆணி மட்டும் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியின் மூடி ஒரு முறை, ஒரே ஒரு முறை, தட்டென்று விழுந்தால் போதும். மனசு கொஞ்சம் ஆறிவிடும்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஷாருல் அந்த மூடியில் மூன்று மாதம் நன்றாகத்தான் வேலை பார்த்திருந்தான்.