க்ளெனிஸ் வீட்டைப் படம் எடுத்தவள்

நோலின் ஜேகோ குவீன்ஸ்டவுனை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. டாஸ்மேனியாவின் மேற்கில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் அந்தச் செப்புச் சுரங்க ஊரிலேயே பிறந்து, சுரங்கத்தில் லாரி ஓட்டியவனைக் கட்டி, அவனை அங்கேயே புதைத்துவிட்டு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். மகன் பெர்த் பக்கம் வேறொரு சுரங்கத்தில் இருந்தான். கிறிஸ்துமஸுக்குப் பேசுவான். மற்ற நாட்களில் பேச்சுத் துணை ஹாலந்துக்காரி ஹென்ரிக்கேதான். கைபேசியில் எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் விளையாட்டில் பழக்கமானவள். முதலில் ஆட்டம், பிறகு மழை வெயில், பிறகு முழங்கால் வலி என்று போய், கடைசியில் ஒருத்திக்கு மற்றவளிடம் ஒளிக்க எதுவும் மிஞ்சவில்லை.

அந்த ஹென்ரிக்கே நேரில் வருகிறேன் என்றதும் நோலின் விடுப்பு எடுத்து, முன்னறைக்குப் புதுச் சாயம் பூசினாள். பக்கத்திலிருக்கும் ஸ்ட்ரான் படகுத் துறையிலிருந்து ஆற்றுக்குள் போகும் படகில் இடம் பிடித்து வைத்தாள்.

வந்தவள் கழுத்தில் பெரிய கேமரா. நோலினைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை என்றுதான் நோலின் இன்றும் நினைக்கிறாள். ஆனால் படகில், ஆயிரம் வருஷத்து மரங்களுக்கு நடுவே, ஹென்ரிக்கே கொட்டாவி விட்டாள்.

"காடு எல்லா நாட்டுலயும் இருக்கு, நோலின். நீ இருக்கிற ஊரைக் காட்டு."

சரி என்று ஊரைச் சுற்றினார்கள். செப்பு உருக்கிய புகை தின்ற மொட்டை மலைகள், துருநிற ஆறு, பூட்டிய கடைகள். ஒவ்வொன்றுக்கும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். புல்லே இல்லாத ஜல்லித் தரைக் கால்பந்து மைதானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"இதுலயா விழுந்து புரள்றாங்க?"

"எங்க வீட்டுக்காரர் முட்டியைப் பாத்திருந்தா கேட்டிருக்க மாட்டே," என்றாள் நோலின். சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மேட்டுத் தெருவில் நீலக் கதவு வைத்த மர வீட்டின் முன்னால் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நோலினைப் பார்த்துக் கையாட்டினாள்.

"யாரு?"

"க்ளெனிஸ். சின்ன வயசுலேர்ந்து ஒண்ணாப் படிச்சவ. சுரங்கம் மூடினதுலேர்ந்து அவ புருஷன் பேரி பாட்டிலும் கையுமா இருக்கான். போன குளிர்ல இவ கையை ஒடிச்சிட்டான். படியில விழுந்துட்டேன்னு ஊருக்குச் சொல்லியிருக்கா. எனக்கு மட்டும்தான் தெரியும்."

ஹென்ரிக்கே நோலினின் கையை அழுத்திப் பிடித்தாள். பிறகு வண்டிக் கண்ணாடியை இறக்கி, கேமராவைத் தூக்கினாள். க்ளெனிஸ் படத்துக்காக முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள்.

ஊருக்குப் போன சில வாரங்களில் ஹென்ரிக்கே ஒரு டச்சு இணைய இதழில் எழுதினாள். யாரோ அதை மொழிபெயர்த்துக் குவீன்ஸ்டவுன்காரர்களின் குழுவில் போட்டார்கள். செத்துக்கொண்டிருக்கும் ஊர் என்று தலைப்பு. நீலக் கதவு வீடு, சிரிக்கும் க்ளெனிஸ், கீழே ஒடிந்த கையின் கதை.

மறுநாள் க்ளெனிஸ் ரொட்டிக் கடைக்கு வந்தாள்.

"க்ளென், அவ எழுதுவான்னு எனக்குத் தெரியாது," என்றாள் நோலின்.

"அவ யாருன்னே எனக்குத் தெரியாது. அவ மேல எனக்கென்னடி கோவம்? நான் உன்கிட்டதானே சொன்னேன்."

"பேரி படிச்சானா?"

"படிக்காம? ஊரே படிச்சுச்சு." க்ளெனிஸ் கழுத்துத் துணியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "இந்தத் தடவை எந்தப் படியில விழுந்தேன்னு சொல்லலாம்? நீயே ஒண்ணு யோசிச்சு வை. உனக்குத்தான் நல்லாக் கதை சொல்ல வருதே."

ரொட்டி வாங்காமல் போய்விட்டாள். வரிசையில் நின்ற ஒருவரும் நோலினின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதை எடுத்துவிடு என்று நோலின் ஹென்ரிக்கேவுக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது: "உன் வேதனை புரியுது. ஆனா இதெல்லாம் வெளிய தெரியணும். பேரை மாத்திட்டேனே. படிச்சவங்க எத்தனை பேர் அழுதாங்க தெரியுமா? அப்புறம், ஆட்டத்துல இப்ப உன் முறை."

நோலின் பதில் எழுதவில்லை. விளையாட்டையும் அழித்துவிட்டாள். அதன் பிறகு மாலைகளில் கைபேசி சும்மா கிடந்தது.

குளிர் தொடங்குமுன் க்ளெனிஸ் வடகரை ஊரான பர்னியிலிருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டாள். பேரியும் கூடப் போனான். சாமான் ஏற்றிய வண்டி ரொட்டிக் கடையைக் கடந்தபோது நோலின் வாசலுக்கு வந்து நின்றாள். க்ளெனிஸ் நேராகச் சாலையைப் பார்த்தபடி இருந்தாள்.

வசந்தத்தில் கேமராவோடு ஓர் ஆணும் பெண்ணும் கடைக்கு வந்து, நீலக் கதவு வைத்த மர வீடு எங்கே என்று விசாரித்தார்கள்.

"இடிச்சாச்சு," என்றாள் நோலின்.

"அடடா. எப்போ?"

"எப்பவோ."

வீடு மேட்டுத் தெருவில் விற்பனைப் பலகையோடு அப்படியேதான் நின்றது. அவர்கள் கேட்ட இறைச்சி அடைத்த ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய வண்டி ஊர் எல்லைப் பக்கம் திரும்பும்வரை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.