ஈரச் சாக்கும் என் கம்ப்யூட்டரும்

போன வாரம் தாயில்பட்டி பஸ்ஸில், ஜன்னலோரம் அரைக்கண் மூடி ஒரு கனவு கண்டுகொண்டிருந்தேன். ஒரே நாளை இரண்டு முறை வாழ முடிந்தால் எப்படி இருக்கும்? ஒருமுறை ஒன்றைச் செய்து... மறுமுறை அதையே செய்யாமல்... எது எதனால் நடந்தது என்று பளிச்சென்று தெரிந்துவிடுமே.

விருதுநகரில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்குப் பிழைப்பே இதுதான். தப்பும் தவறுமான எண்களைக் கொடுத்தாலும் தடுமாறாத கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது, எதற்கு எது காரணம் என்று துருவுவது.

தாயில்பட்டியில் பட்டாசு கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், மருந்து கலக்கும் அறையில் தீப்பொறி தட்டிய நாட்களையும், அதன் வாசலில் ஈரச் சாக்கு கட்டிய நாட்களையும் குறித்த நோட்டுகளைத் தந்திருந்தார். புரோகிராம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் சொன்னது — வாசலில் ஈரச் சாக்கு தொங்கிய நாட்களில்தான் பொறி அதிகம். சாக்கே வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அண்ணாச்சிக்கும் குஷி. ஈரத்தில் மருந்து நமுத்துப் போகிறதென்று அவருக்கு நெடுநாள் குறை.

கம்பெனியில் இறங்கியபோது வெயில் தரையில் அலை அலையாக நெளிந்தது. முழங்கையில் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்க, பேச்சியம்மாள் எதிரே வந்தார். மருந்து அறையில் பல வருடமாக வேலை பார்ப்பவர். சாக்கு வேண்டாம் என்று சொன்னது நான்தானா என்று கேட்டார். பெருமையாகத் தலையாட்டினேன்.

"வெக்கை கூடுன அன்னைக்குத்தான சார் சாக்க நனைக்கோம். பொறி தட்டுறதும் அந்த வெக்கையிலதான?"

எனக்கு வியர்த்துவிட்டது. காய்ச்சல்காரர் கையில் மாத்திரையைப் பார்த்துவிட்டு, மாத்திரையால்தான் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்! நோட்டில் ஓர் எண்கூடத் தப்பில்லை. வெயிலை யாரும் குறித்து வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. புரோகிராம் எத்தனை கெட்டியாக இருந்து என்ன?

அண்ணாச்சியிடம் ஓடினேன். நான் எழுதியது தப்பு, சாக்கை உடனே கட்டச் சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் வெளுத்தது. நாலு நாளைக்கு முன்பே எடுக்கச் சொல்லிவிட்டாராம். நாலு நாளும் என்ன வெயில்! என் காகிதத்தை நம்பி அந்த அறைக்குள் மனிதர்கள்... இருவரும் வேகமாக நடந்தோம்.

மருந்து அறை வாசலில் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அதைத் தொட்டு வந்த காற்று முகத்தில் குளுகுளுவென்று பட்டது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். சாக்கில்லாத நாலு நாளை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

பின்னாலேயே வந்த பேச்சியம்மாள், முதலாளியைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "எடுக்கச் சொன்னாக. நாங்க எடுக்கல."

அண்ணாச்சி குனிந்து, சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரியாக விட்டார்.

என் ஆராய்ச்சியை யாரும் மதிக்காததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்!