மாரீஸ்வரி கேட்ட மூன்று மாதம்

மாரீஸ்வரியின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கிப்போனதற்கு நான்தான் காரணம்.

நோய் காரணமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நோயும்தான். ஆனால் அந்த நோய்க்கான மாத்திரை அன்றைக்கு என் மேசைமேல் இருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். கொடுக்கவில்லை.

நான் தொழுநோய் ஆராய்ச்சி செய்கிறவன். இதுவரை யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்வார்கள்? என் ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் பாராட்டியவர்களுக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் விளக்கிவிடுகிறேன். தொழுநோய்க் கிருமி மகா சோம்பேறி. மற்ற பல கிருமிகள் அரை மணி நேரத்தில் இரண்டாகப் பெருகிவிடும். இதற்கு இரண்டு வாரமாகும். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் எதை ஊட்டினாலும் வளராது. அது மனிதனுக்குள் என்ன செய்கிறது என்று அறிய மனித உடம்பைத்தான் தேடிப் போக வேண்டும். அதிலும் மருந்து படாத உடம்பு கிடைத்தால் என்னைப் போன்றவர்களுக்கு அது புதையல்.

மருந்தில்லாதபோது நரம்பு எவ்வளவு வேகமாக உணர்ச்சியை இழக்கிறது என்பதை இடைவெளிவிட்டு இரண்டு முறை அளந்து பார்க்க ஆசைப்பட்டேன். அதற்கு அனுமதி கிடையாது. நோயைக் கண்டுபிடித்த அன்றே மருந்தைத் தொடங்க வேண்டும். ஆனால் நோயாளியே இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால்...?

ஓர் ஆடி மாதம், ஏழாயிரம்பண்ணையில் நாங்கள் நடத்திய முகாமுக்கு மாரீஸ்வரி வந்தார். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவர். வெடிகளை ஒவ்வொன்றாகத் திரியோடு சேர்த்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். பத்து விரலும் சேர்ந்து ஓடுகிற வேலை அது. அவருடைய முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. கண்ணை மூடச் சொல்லி நைலான் இழையால் தொட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விரல்களில் மட்டும் பலம் குறையாமல் இருந்தது.

"இந்த மாத்திரையத் தின்னா மேலு கருத்துரும்னு நர்சம்மா சொல்றாக. நெசமா சார்?"

"கொஞ்சம் கருக்கும்மா. நிறுத்தின பிறகு சரியாகிடும்."

"வேன்ல கூட வர்ற பொம்பளைக கேப்பாகளே. ஒருத்திக்குத் தெரிஞ்சாப் போதும், பக்கத்துல ஒரு ஆளு உக்காராது. தீவாளி வரைக்கும் பொறுத்துக்கிடுங்க சார். சீசன் முடிஞ்சு கம்பெனி லீவு விட்டதும் நானே வந்து வாங்கித் திங்கிறேன்."

அதற்கான பதில் எனக்குத் தெரியும். தோல் ஒரே நாளில் கருத்துவிடாது. கருக்கவைக்கும் அந்த ஒரு மாத்திரைக்குப் பதிலாக வேறு மாத்திரையும் கொடுக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

"சரிம்மா. தீபாவளி முடிஞ்சதும் வாங்க" என்றேன்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிட்டையும் வாங்கிக்கொண்டேன்!

படிவத்தில் எழுதினேன்: 'சிகிச்சையைத் தள்ளிவைக்குமாறு நோயாளி கேட்டுக்கொண்டார்.' அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

மூன்று மாதத்தில் இந்தச் சோம்பேறிக் கிருமி என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பித்தான் சொன்னேனா? நரம்பைக் கெடுப்பது கிருமி மட்டுமல்ல. கிருமியை எதிர்க்கும் உடம்பே திடீரென்று சீறி எழுந்து நரம்பை வீங்கவைத்துவிடும். அது இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காது. தேர்வில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

புரட்டாசியில் மாரீஸ்வரிக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. முழங்கையின் உட்புறம் தொட முடியாத வலி. உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் வந்த வலி என்று தைலம் தேய்த்திருக்கிறார். வலி வந்தால் உடனே வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சார் தீபாவளி முடிந்து வரச்சொன்னார் என்று அவர் காத்திருந்தார்.

சொன்ன சொல் தவறாமல் வந்தார். சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கியிருந்தன.

இதுவரை சொன்னதைவிட இனிச் சொல்லப்போவதுதான் கடினம். இழைகளை எடுத்து அந்தக் கையை அளந்தேன். ஆடி மாதத்து எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதினேன். இரண்டுக்கும் நடுவே அத்தனை தெளிவான வேறுபாடு... எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு நிமிடம் இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

அதன்பின் எல்லாம் முறைப்படி செய்தேன். கூட்டு மருந்து, ஸ்டீராய்டு, விரல்களுக்குப் பயிற்சி. நோய் முற்றாகக் குணமானது. கருத்த தோலும் பழைய நிறத்துக்குத் திரும்பியது. விரல்கள் திரும்பவில்லை. சரம் பின்ன முடியாமல், இப்போது நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார்.

அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ எங்கள் முகாம்களுக்கு ஆள் கூட்டி வருகிறார். போன வாரம், உடன் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்ணை அழைத்து வந்தார். முதுகில் தேமல். அவளும் தயங்கினாள். சீசன் முடியட்டுமே என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாரீஸ்வரி தன் கையை அவள் முன்னால் நீட்டினார்.

"இங்கன பாரு தாயி. நானும் இப்படித்தேன் கேட்டேன். சார் அன்னைக்கே மருந்த எடுத்து வச்சாரு. நாந்தேன் வேண்டாம்னு ஓடுனேன். எங் கைய நானே கெடுத்துக்கிட்டேன். வேணும்னா சாரக் கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவங்க சொல்றது சரிதாம்மா" என்றேன்.

அந்தப் பெண் அங்கேயே முதல் வேளை மாத்திரையை விழுங்கினாள். மாரீஸ்வரிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "ஒரு கை தப்பிச்சுருச்சுல்ல சார்" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் எனக்கு எதிரே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். அறையில் வேறு யாருமில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்...

அவர் எழுந்து போனதும் அடுத்தவரை உள்ளே கூப்பிட்டேன்.