ஜெயித்த அணியின் குளியல்

கல்லூரியில் படிக்கும் என் மகன் நேற்று தலை சொட்டச் சொட்ட வந்தான். "எம்மா, நம்ம கபடி டீம் ஜெயிச்சிட்டு! எல்லாரும் அருவில குளிச்சிட்டு வாரோம்."

அந்த ஈர வாசனையில் என் அண்ணன் நினைவில் வந்து நின்றான். நான் சிறுமியாக இருந்தபோது அவனும் கல்லூரி மாணவன். கபடி ஆடத் தெரியாது. ஆனால் எங்கள் தெரு அணி தொலைவில் சிவகிரியில் ஆடினாலும் கூடவே போவான். ஜெயித்தால் குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் ஊருக்குள் வருவார்கள். தோற்றால் புழுதியோடு வருவார்கள். வாசலில் அண்ணன் என்னிடம் தலையைக் குனிந்து காட்டுவான். "ஏட்டி, தொட்டுப் பாத்துச் சொல்லு, என்ன ஆச்சு?" என்பான்.

சாரல் காலத்தில் ஒரு நாள் அணிக்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொண்டாட்டம் என்று நினைத்து ஓடினேன். தலையைத் தொட்டுவிட்டு, "ஜெயிச்சாச்சு!" என்று கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் அவனைப் பாறையில் அடித்துக் கொன்றிருந்தது.

"என்னம்மா, உனக்குச் சந்தோஷமே இல்லியா?" என்றான் மகன். நான் அவன் தலையைத் துவட்டினேன்.

அவன் அணி ஆடுகிற நாளெல்லாம், அது தோற்க வேண்டும் என்றுதான் நான் சாமியிடம் கேட்கிறேன். அதை அவனிடம் எப்படிச் சொல்வேன்?