நமஸ்தே சொன்ன பிறகு

ஹோட்டலில் யோகா படிப்பிக்கச் சேர்ந்த முதல் நாள், மனேஜர் ஆசனங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பு முடிவில் நமஸ்தே சொல்ல வேண்டும், அதன் கருத்தை ஆங்கிலத்தில் அழகாக விளங்கப்படுத்த வேண்டும், கெஸ்ட்மார் அதைத்தான் விரும்புவார்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் பாலையூற்றில் நாங்கள் கோயிலிலும் கும்பிடுவோம், கந்தோரில் அலுவல் பார்க்கப் போனாலும் கும்பிடுவோம். அதற்கு ஒரு விளக்கமா?

ஆனால் சொல்லச் சொல்ல அது எனக்குள் இறங்கியது. உங்களுக்குள் இருக்கும் உயிரும் எனக்குள் இருக்கும் உயிரும் ஒன்று. அந்த ஒன்றை வணங்குகிறேன். கை நெஞ்சில், கண் மூடி, தலை குனிந்து. குனிந்திருப்பவருக்கு எதிரே நிற்பவரின் உடுப்பு தெரியாது, ஊர் தெரியாது. அதற்காகத்தான் குனியச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வலைச் சத்தம்

விடியற்காலை வகுப்பு கடலைப் பார்த்த மரத்தளத்தில் நடக்கும். அதற்கு நேர் முன்னால் எங்கள் ஊர் மீன்பிடிகாரர் பெனடிற் அண்ணையும் அவருடைய ஆட்களும் கரையில் நின்று கரைவலை இழுப்பார்கள். ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் சத்தம் போட்டுக் கயிற்றை இழுப்பார்கள். மீன் மணமும் வரும். ஒரு கெஸ்ட் முறைப்பாடு செய்துவிட்டார். வெளியூர்க்காரரான மனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“உங்கட ஊர் ஆக்கள்தானே ரீச்சர். நீங்கள் சொன்னாக் கேப்பினம். வேற பக்கம் போய் இழுக்கச் சொல்லுங்கோ.”

வேறு பக்கமெல்லாம் கல், வலை கிழிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் போனேன். சம்பளம் வாங்குகிறவள் வேறு என்ன செய்வது? விஷயத்தைச் சொன்னதும் பெனடிற் அண்ணை கயிற்றை விட்டார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார்.

“ரீச்சர், இந்த இடம் போனா இவ்வளவு குடும்பமும் பட்டினிதான். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ.”

நாள்தோறும் கைகூப்புகிறவள் நான். பயத்தில் கூப்பிய கையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. என் அப்பாவின் வயது அவருக்கு. வெட்கமாக இருந்தது. நானும் கும்பிட்டேன். அப்படியே ஹோட்டலுக்குத் திரும்பி நடந்தேன்.

மறுமொழி

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று மனேஜர் கேட்டார்.

“அவரைக் கும்பிட்டிட்டு வந்திட்டன் சேர். இனி அவரை எழும்பிப் போங்கோ எண்டு சொல்ல ஏலாது.”

“அப்ப நாளையோட நீங்கள் வேலையால நிண்டிடுங்கோ.”

கடைசி வகுப்பில் கெஸ்ட்மாருக்கு எல்லாவற்றையும் சொன்னேன்: சத்தம் ஏன், அந்த மனிதர்கள் யார், இடம் போனால் என்ன ஆகும். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பச் சொல்லி, வலை இழுப்பவர்களுக்கு நமஸ்தே சொன்னோம். முறைப்பாடு செய்தவரும் குனிந்தார். மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்கு வரும் நேரம், அவர்களால் கையை எடுக்க முடியாது. பெனடிற் அண்ணை கயிற்றைப் பிடித்தபடியே தலை குனிந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முறைப்பாட்டை அந்தக் கெஸ்டே ரிசப்ஷனில் போய்த் திரும்பப் பெற்றாராம். வலைக்காரரை அந்த இடத்திலிருந்து எழுப்பும் கதை அதோடு நின்றது. என் வேலையும் நின்றது.

யோகா படிப்பிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நமஸ்தேயைச் சும்மா சொல்லாதீர்கள். ஒரு ஆளைக் கும்பிட்டுவிட்டால், பிறகு அந்த ஆளுக்காக நிற்க வேண்டி வரும்.