சிவப்புப் பூவும் தோள்பட்டை ஆங்கரும்

போன ஐப்பசி மழையில் அன்னூர் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் வலது கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. பம்பு கம்பெனியில் டிசைன் வேலை எனக்கு. ஒரு நிமிஷம் சும்மா உட்காராத ஆள். தலை சீவக்கூட அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. இனி இந்தக் கை இப்படியேதானா என்று அழுதேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், தோளில் தசைநார் எலும்பை விட்டுப் பிய்ந்துவிட்டது என்றார். ஆங்கர் என்று ஒரு குட்டித் திருகாணி இருக்கிறது. அதை எலும்பில் இறக்கி, அதிலிருந்து வரும் நூலால் தசைநாரை இழுத்துக் கட்டிவிடுவார்களாம். விடுவேனா? என்ன உலோகம், எத்தனை ஆழம், பிடுங்கிக்கொண்டு வராதா என்று அடுக்கினேன்.

"ஏனுங்க அம்மணி, ஆபரேசன் நான் பண்றதா, நீங்க பண்றதா?" என்று சிரித்தார். புதன்கிழமை செய்யலாம், ரொம்பத் தள்ளிப்போட்டால் தசைநார் சுருங்கிப்போய் இழுத்தாலும் எட்டாது என்றார்.

எங்கள் வீட்டில் எதற்கும் மாரியம்மனிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஆத்தா முன்னால் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் கூடாது. அம்மா போய்க் கேட்டாங்க.

சிவப்பு வந்தது.

"இனி இந்தப் பேச்சே வேண்டாம் கண்ணு. எண்ணெய் போட்டு நீவிக்கலாம்" என்றாங்க அம்மா.

"ஆத்தா எந்தக் காலேஜுல எலும்பு டாக்டருக்குப் படிச்சா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் நானே கோயிலுக்குப் போனேன். பக்தியோடு இல்லை, கோபத்தோடு. "உன்னையும் மீற முடியல. கையையும் இழக்க முடியல. ஒரு வழி சொல்லு தாயி." அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள், ஆபரேசன் வேண்டாம் என்று சொல்லத்தான் அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாங்க. அவர் கைக்கட்டைக் கழற்றி அக்குளைத் தொட்டார். துள்ளிவிட்டேன். அடிபட்ட வலி என்று நான் நினைத்திருந்தது ஒரு சீழ்க்கட்டி.

"இதை வெச்சுக்கிட்டு ஆங்கர் போட்டா, கிருமி உள்ள போய் ஒட்டிக்கும். போட்டதையே எடுக்க வேண்டி வந்துரும். மொதல்ல இது ஆறட்டும். அதுக்கு நேரம் இருக்குதுங்க" என்றார்.

அம்மா டாக்டர் பக்கம் திரும்பினாங்க. "நான் புதன்கெழம செய்யலாமான்னுதானுங்க பூ கேட்டேன். செய்யவே கூடாதுன்னு நானா எடுத்துக்கிட்டேன். ஆறுனதும் செஞ்சுபோடுங்க டாக்டர்."

நான் கேட்ட வழி அம்மா வாயிலிருந்தே வந்தது.

கட்டி ஆறியதும் மறுபடி பூ கேட்டோம். வெள்ளை. ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. "ஆங்கர் புடிச்சு வெக்கத்தான் செய்யும். தசைநார் எலும்போட ஒட்டி வளர்றது என் கையில இல்லீங்க" என்றார் டாக்டர். மாசக்கணக்கில் பயிற்சிக்குப் போனேன். பொறுமைக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. எனக்குள் ஆத்தா முதலில் வளர்த்தது அதைத்தான் போல. இப்போது கை முழுசாக எழும்புகிறது.

தற்செயல் என்கிறார்கள் ஆபீஸ் நண்பர்கள். இருக்கலாம். கட்டியை எந்த டாக்டரும் கண்டுபிடித்திருப்பார். அம்மாவின் மனதை எந்த ஸ்கேன் திருப்பியிருக்கும்?

கோபம் இருந்தால் கோபத்தோடேயே ஆத்தாவிடம் போங்க. மருத்துவரையும் விட்டுவிடாதீங்க. ஒரு பதில் வந்ததுமே பாதியில் எழுந்து வந்துவிடாதீங்க. ஆத்தா இன்னும் பேசி முடித்திருக்க மாட்டாள்.