புங்க எண்ணெயும் பொட்டிட்ட எஞ்சினும்

எண்பதுகளின் பிற்பகுதியில் என் தம்பி சென்னைத் துறைமுகத்தில் ஓர் இழுவைப்படகின் எஞ்சின் அறையில் பணியாற்றினான். பெருங்கப்பல்களை வடம் கட்டி இழுத்து வந்து துறையில் சேர்ப்பது அப்படகின் வேலை. அதற்கு ஊற்றப்பட்ட எண்ணெய் கந்தகம் மிகுந்தது. புகைபோக்கியோ பல இடங்களில் ஒட்டுப்போட்டது. வெளியேற வேண்டிய புகையில் ஒரு பங்கு அறைக்குள்ளேயே தங்கியது. கள்ளிக்குப்பத்தில் ஒரே சுவருக்கு இருபுறமும் நாங்கள் குடியிருந்தோம். விடியலில் அவன் இருமும் ஓசை சுவரைத் தாண்டி வரும். மருத்துவர் அந்த வேலையை விடச் சொல்லிவிட்டார். இரண்டு பெண்மக்களை வைத்துக்கொண்டு எப்படி விடுவான்?

"வேற வேல நீ வாங்கித் தரியாண்ணா?" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டான்.

ஆவடிக்கு அருகில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் கற்பித்து வந்தேன். தாவர எண்ணெயிலும் டீசல் எஞ்சின் ஓடும் என்பது நூல்களில் நெடுங்காலமாக உள்ள செய்தி. அவ்வெண்ணெயில் கந்தகம் இல்லையென்றே சொல்லலாம். ஆளை மாற்ற இயலாவிடில் எரிபொருளையாவது மாற்றிப் பார்க்கலாமே என்று துணிந்தேன். படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறையொன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்தது. அதன் உரிமையாளர் தம்பிக்கு நெருங்கிய நண்பர். மூலையில் கிடந்த பழைய எஞ்சின் ஒன்றை எனக்காகத் துடைத்து நிறுத்தினார்.

புங்க எண்ணெய் பூந்தமல்லியில் கிடைத்தது. மண்டிக்கார பாய்க்கு என்மேல் ஐயம்.

"இன்னா சார், டின்னு டின்னா வாங்கினு போறீங்க? ஊட்ல அவ்ளோ வெளக்கா கீது?"

"கப்பலுக்கு, பாய்."

"கப்பலுக்கா! அப்ப துபாய்க்கு உடும்போது நமக்கு ஒரு சீட்டு போட்டு வைங்க."

புங்க எண்ணெய் தடித்தது. குளிர்ந்த எஞ்சினில் எளிதில் எரியாது. ஆகவே இரண்டு தொட்டிகள் வைத்தோம். டீசலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் குழாயைத் திருப்பிப் புங்க எண்ணெய்க்கு மாற்றுவோம். நிறுத்துவதற்குக் கால்மணி நேரம் முன்பு மீண்டும் டீசலுக்கு மாற்றிக் குழாய்களைக் கழுவிவிட வேண்டும். தவறினால், எண்ணெயைத் தூவும் நாசிலுக்குள் புங்க எண்ணெய் பிசின்போல் இறுகிவிடும். இந்த ஒரு விதியைப் பட்டறையில் அனைவரும் அறிவர். நான்கு மாதங்கள் ஒருநாளும் தவறியதில்லை.

படகு நிறுவனத்தின் பொறியாளர் வந்து பார்க்க இசைந்தார். எஞ்சின் ஒழுங்காக ஓடினால், படகிலுள்ள துணை எஞ்சின் ஒன்றில் முதலில் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். விசயதசமியன்று தொடங்குவது எதுவும் கைகூடும் என்று உரிமையாளர் அந்த நாளையே குறித்தார். தம்பி விடுப்புக்கு எழுதிக் கொடுத்தான்.

அதற்கு முந்திய நாள் ஆயுத பூசை. பகல் முழுதும் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது என்றும், மாலையில் நான் வந்து குழாயைத் திருப்புவது என்றும் ஏற்பாடு. எனக்கு வேண்டிய பேருந்து நேரத்துக்கு வரவில்லை. பட்டறைக்குள் நுழைந்தபோது அமைதியாக இருந்தது. எஞ்சின் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, சாமந்தி மாலையோடு நின்றது.

"டீசலுக்கு மாத்தினீங்களா?" என்று உரிமையாளரிடம் கேட்டேன்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யய்யோ! நல்ல நேரம் முடியப் போவுதுன்னு அப்டியே நிறுத்திட்டேனே சார்."

"இப்போ ஒரு கால்மணி நேரம்..."

"பொட்டு வெச்சாச்சே சார். இனிமே காலைலதான் தொடணும். ஒரு ராத்திரிதான, இன்னா ஆயிடப் போவுது?"

பூசை முடிந்த கருவியை மறுநாள் வரை இயக்கலாகாது என்பது அங்கே மீற முடியாத வழக்கம். தொழிலாளர் அனைவரும் குளித்துத் திருநீறு அணிந்து கற்பூரத்துக்காகக் காத்திருந்தனர். நாங்கள் கிறித்தவர்கள். ஆண்டுதோறும் அப்பூசைக்கு என்னை அன்போடு அழைத்தவர்கள் அவர்கள். மாலையைக் கழற்றுங்கள் என்று நான் வற்புறுத்தியிருந்தால், அது எண்ணெயைப் பற்றிய பேச்சாக இருந்திராது. பொரியும் கடலையும் கையில் கொடுத்தார்கள், பெற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே பொறியாளர் வந்துவிட்டார். பூசணிக்காய் உடைத்து எஞ்சினைச் சுழற்றினார்கள். அது இருமுறை உறுமி அடங்கியது. உரிமையாளர் தாமே சுழற்றினார், தம்பி சுழற்றினான். நாசிலைக் கழற்றியபோது அதன் நுண்துளைகள் பழுப்புப் பசையால் அடைபட்டிருந்தன. பூசைக்காக நிறுத்தியதால் நேர்ந்தது இது என்று உரிமையாளரை வைத்துக்கொண்டே பொறியாளரிடம் நான் எப்படிச் சொல்வேன்? "இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்க" என்று மட்டும் வேண்டினேன்.

பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், கப்பல இழுத்துக்கிட்டு இருக்கும்போது நடுவுல இப்படி நின்னா, கப்பல் சுவத்துல போய் மோதும். யார் பதில் சொல்றது? கரும்புகை வந்தாலும் டீசல் நிக்காம ஓடுது." ஏறிவந்த சீருந்திலேயே திரும்பிச் சென்றார்.

நாசிலைக் கழுவி மாட்டியதும், நண்பகலில் எஞ்சின் புங்க எண்ணெயில் ஓடியது. முன் எப்போதையும்விடச் சீராக ஓடியது. தம்பி புகைக்குழாய்க்கு அருகில் போய் முகத்தைக் காட்டி நின்றான். "கண்ணு எரியவேல்லண்ணா! வறுத்த கடல வாசன மாரி கீது!" என்று கூவினான். உரிமையாளர் அவனைப் பார்க்க மாட்டாமல் வெளியே போய்விட்டார்.

திரும்பும் பேருந்தில் தம்பிதான் என்னைத் தேற்றினான். "நேத்து பூசைல நீ எவ்ளோ கெஞ்சியிருப்ப, பட்டறக்காரரு கேட்டிருக்க மாட்டாரு. உடுண்ணா." நான் கெஞ்சவில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

பொறியாளருக்கு மூன்று மடல்கள் எழுதினேன். விடை வராமையால், ஒருநாள் துறைமுக வாயிலிலேயே காத்திருந்து அவரைச் சந்தித்தேன். கடிந்து பேசவில்லை, கனிவாகவே பேசினார்.

"தம்பிக்காகத்தான் இவ்ளோ பாடுபடறீங்கன்னு தெரியுது சார். ஆனா ஒரு தடவ நின்னுபோன எண்ணெய்க்கு மேலிடத்துல நான் மறுபடி கையெழுத்துக் கேட்க முடியாது. வேணும்னா மேல்தளத்துல ஏதாவது வேலைக்கு அவர மாத்தச் சொல்லி எழுதறேன். இப்ப எடம் காலியில்ல."

"எப்போ காலியாகும்?"

"யாராவது ஓய்வு பெறணும்."

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். சங்கு ஊதியது. முதல் முறை வேலை முடித்தவர்கள் வெளியே வரத் தொடங்கினர். கூட்டத்தின் நடுவே, கைக்குட்டையை வாயில் பொத்தியபடி தம்பி வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"இன்னாண்ணா இங்க நிக்கிற? சாப்ட்டியா?" என்றான். நான் சொல்லப்போகும் விடைக்குக் காத்திராமல், சுவரைப் பிடித்துக் குனிந்துகொண்டு இருமினான். முதுகில் கைவைத்துக்கொண்டு நின்றேன். அது ஓயும்வரை எனக்குச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை.